தேரிக்காட்டில் இரண்டு நாட்கள்

பாலைவனம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது இராஜஸ்தான் மாநிலமே. அங்கே ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அழிந்து வரும் கானமயில் என்னும் பறவைக்கு அது புகலிடம். அதைக் காண எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஒரு வார விடுமுறைக்குள் அவ்வளவு தொலைவு சென்று திரும்ப முடியுமா? "தமிழ்நாட்டிலேயே ஒரு மணற்காடு இருக்கிறதே, அங்கே போகலாம்" என்றார் எங்கள் புவியியல் ஆசிரியை. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை!

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை, பன்னிரண்டு மாணவியரும் இரண்டு ஆசிரியைகளுமாகப் பொழிச்சலூரிலிருந்து வேனில் புறப்பட்டோம். பல்லாவரம், தாம்பரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடி என 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். பாட்டும் விடுகதையும் விழுப்புரம் வரை நீடித்தன, பிறகு உறக்கம். மறுநாள் திருச்செந்தூரில் காலை உணவை முடித்துக்கொண்டு, காயாமொழி வழியாகக் குதிரைமொழித் தேரியை அடைந்தோம்.

என்னே அந்தக் காட்சி! கண்ணுக்கெட்டிய தூரம் குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போலச் செம்மணல் மேடுகள். இடையிடையே பனை, முந்திரி, குடைவேல மரங்கள். காற்று வீசியபோது மணல் ஊசியாகக் குத்தியது. தாவணியால் முகத்தை மூடிக்கொண்டோம். நாங்கள் பதித்த காலடிகள் திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்தன.

இந்த மணலை இங்கே சேர்த்ததே அந்தக் காற்றுதான் என்று ஆசிரியை விளக்கினார். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைப் பொழிந்துவிட்டு, கணவாய்களின் வழியே வறண்ட காற்றாக இப்பக்கம் வருகிறது. மலையடிவாரச் சமவெளியின் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் குவிக்கிறது. மணல் துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்ஸைடே சிவப்பு நிறத்திற்குக் காரணம். இம்மணலில் இல்மனைட் என்னும் கனிமமும் உண்டு. அதைத் தோண்டி டைட்டானியம் எடுக்கும் திட்டம் 2007-இல் சாத்தான்குளம் பகுதியில் எழுந்தபோது, மக்களின் எதிர்ப்பால் நிறுத்தி வைக்கப்பட்டது.

மணலை ஏன் அவ்வளவு பொன்னாகக் காக்கின்றனர்? விடை அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் கிடைத்தது. சுற்றிலும் செம்மணல், நடுவே தெளிந்த நீர்ச்சுனை! கையில் அள்ளிப் பருகினோம், உப்புக் கரிக்கவில்லை. பனையோலைப் பட்டையில் எங்களுக்குப் பதநீர் ஊற்றித் தந்த ஒரு பாட்டி, "இந்த மண்ணு குடிச்ச தண்ணிய வீணாக்காது தாயி, அடியில வச்சிருந்து நமக்கே தரும்" என்றார். ஆசிரியை ஒரு புட்டி நீரை மணலில் கவிழ்த்தார். கண் இமைப்பதற்குள் உறிஞ்சப்பட்டுவிட்டது. பெய்யும் மழை ஓடிப் போகாமல் இவ்வாறே இறங்கி, தாழ்வான இடங்களில் ஊற்றாக வெளிப்படுகிறது.

எங்களைச் சிந்திக்க வைத்தது இதுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. சென்னைப் பகுதியிலோ அதைப்போல் இரு மடங்கு! எனினும் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நின்றோம். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் ஏன்? வீட்டு முற்றத்திலும் தெருவிலும் சிமெண்டு பூசிவிட்டோம். மழைநீர் இறங்க வழியேது?

ஞாயிறு காலை மணப்பாட்டுக் கடற்கரையைக் கண்டு, திங்கள் விடியலில் ஊர் திரும்பினோம். அந்த வாரமே நாங்கள் பன்னிருவரும் எங்கள் வீடுகளிலுள்ள மழைநீர்த் தொட்டிகளைத் திறந்து பார்த்தோம். 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட திட்டம். ஆனால் பல தொட்டிகளில் சேறும் சருகும் அடைத்துக் கிடந்தன. அண்ணன் தம்பியரையும் அழைத்துக்கொண்டு அவற்றைத் தூர் வாரி, புதுச் சல்லியும் மணலும் இட்டோம். ஐப்பசியில் முதல் மழை கொட்டியபோது, நீர் தெருவுக்கு ஓடாமல் எங்கள் மண்ணுக்குள் இறங்கும் ஓசையைக் கேட்டு மகிழ்ந்தோம்.

தோழியரே! உங்கள் இல்லத்துத் தொட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்