வண்டி வானொலியின் சிறு விளக்குகள்

மலர்க்குழுவினர் கட்டுரை வேண்டி எமக்கு எழுதியபோது, கல்லூரி வாழ்வின் இனிய நினைவுகளுள் ஒன்றையே எதிர்பார்த்தனர் போலும். அப்பணியை எம்மினும் நன்கு செய்வார் பலர் உளர். ஆகவே விளையாட்டுத் திடலையும் விடுதிச் சோற்றையும் அவர்களுக்கு விட்டுவிட்டு, ஒரு மோட்டார் வண்டியின் வானொலிப் பெட்டியில் எரிந்துபோன இரண்டு மின்குமிழ்களை மாற்றிய கதையைச் சொல்லத் துணிகின்றோம். அதுவும் ஒருவாற்றாற் கல்லூரிக் கதையே.

ஆசிரிய நியமனம் பெற்று மலைநாட்டுக்கு வந்த யாம், ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பாது இறம்பொடையிலேயே தங்கிவிட்டோம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில் உள்ளது இவ்வூர். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியையும், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப் பாதையையும், சின்மயா மிசன் எடுப்பித்த அனுமன் கோயிலையும் காண வருவோர் பலர். அவர்கள் பகலில் வந்து பகலிற் போய்விடுவர். மாலை நான்கு மணிக்குமேல் இறங்கும் மூடுபனியை இங்கு வாழ்பவரே அறிவர். யாழ்ப்பாணத்துச் சமதரையில் வளர்ந்த எமக்கு, தெரு என்பது ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் வெறும் வெண்மையுமாய் நிற்கும் என்பதைப் பழகிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

ஓய்வூதியப் பணத்தில் யாம் வாங்கியது யப்பானில் ஓடித் தேய்ந்து இங்கு வந்த பழைய வண்டி. அதனோடு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த வானொலிப் பெட்டி விசித்திரமானது. யப்பானிய நிலையங்களுக்கென அமைந்தமையால் 76 முதல் 90 மெகாகேட்சு வரையே அது கேட்கும். நம் நாட்டு நிலையங்களோ 108 வரை பரந்துள்ளன. முன்னைய உடைமையாளர் வான்கம்பிக்கும் பெட்டிக்குமிடையே அலைவரிசையை இறக்கித் தரும் சிறு கருவியொன்றைப் பூட்டியிருந்தார். ஆகையால் பெட்டியின் முகத்திற் காண்பது ஓர் எண், காதிற் கேட்பது வேறொரு நிலையம். மனைவியார் இதனை இறுதிவரை நம்பவேயில்லை.

அப்பெட்டியின் முகத்திலே ஒரு மணிக்கூடும் இருந்தது. முதலில் இடப்பக்க விளக்கு அணைந்தது. சில மாதங்களில் வலப்பக்க விளக்கும் அதனைப் பின்பற்றியது. பகலில் ஒரு குறையும் இல்லை. திரவப் பளிங்கினாலான எண்கள் தாமாக ஒளிர்வன அல்ல. பின்னாலிருந்து ஒளி வந்தாற்றான் இரவில் அவை கண்ணுக்குத் தெரியும். வானொலி பாடத்தானே செய்கிறது என்று யாம் இரண்டு வருடங்கள் வாளாவிருந்தோம். சோம்பல் என்பதே அதற்குச் சரியான பெயர்.

2015ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து ஓரிரவு, அண்மையிலுள்ள லயத்திலிருந்து ஒரு மூதாட்டியார் வந்து கதவைத் தட்டினார். மருமகளுக்கு நோக் கண்டுவிட்டது. மகன் கொழும்பில் வேலை. இப்பொழுது 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் ‘சுவ செரிய’ அம்புலன்சு வருகின்றது. அச்சேவை 2016இலேதான் தொடங்கிற்று. தொடங்கியதும் மேல், தென் மாகாணங்களில். எனவே வண்டியுள்ள வீட்டுக் கதவே அக்காலத்து அம்புலன்சு. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினோம். கைக்கடிகாரம் மேசைமீது கிடந்துவிட்டது. கைத்தொலைபேசியோ மின் இறங்கிச் செத்துக்கிடந்தது.

சுரங்கப் பாதையைக் கடந்து லபுக்கலைப் பக்கம் ஏறுகையில் மூடுபனி தெருவை விழுங்கிவிட்டது. பின்னிருக்கையில் அப்பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மூதாட்டியார் நோவுக்கும் நோவுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்க விரும்பினார்.

“ஐயா, இப்ப மணி என்னாங்க?”

பதில் சொல்ல இயலவில்லை. பெட்டியின் முகம் கரிப்பிடித்த சட்டிபோல் இருந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டார். இம்முறை யாம் குனிந்து, வெளிவிளக்கின் மங்கலொளியில் அவ்வெண்களைப் படித்துவிட முயன்றோம். ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. மேலும் குனிந்தோம்.

“ஐயா, ரோட்டு! ரோட்டு!”

தெரு வலப்புறம் திரும்பிவிட்டது, யாம் திரும்பவில்லை. தடுப்பை மிதித்தபோது முன்சில்லு தெருவோரத்து வெள்ளைக் கல்லில் முட்டி நின்றது. கல்லுக்கு அப்பால் என்ன இருந்தது என்பதை மூடுபனி மறைத்தது; மறுநாட் பகலில் அவ்விடத்தைக் கண்டபோது அம்மறைப்புக்கு நன்றி கூறினோம். பின்னர் நடைவேகத்தில் ஏறி நுவரெலியா வைத்தியசாலையை அடைந்தோம். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. மூதாட்டியார் அக்கல்லைப் பற்றி எவரிடத்தும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எம்மைக் காணுந்தோறும் கைகூப்பி வணங்கவே செய்தார். ஏசியிருந்தால் எமக்கு இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை, வானொலி திருத்தும் எம் பழைய மாணவர் ஒருவரை நாடினோம். “சேர், இதைக் கழற்றி எறிஞ்சிட்டுப் புது செற் ஒண்டு போடுங்க, படமும் பார்க்கலாம்” என்றார். படம் பார்ப்பதற்கு அத்தெருவைப்போலப் பொருத்தமற்ற இடம் உலகில் உண்டோ என்று கேட்டுவிட்டு, யாமே செய்ய முடிவு கொண்டு வீடு திரும்பினோம்.

இங்கேதான் கல்லூரி வருகின்றது. எம் பௌதிக ஆசிரியர், விளக்கு எரியாவிடின் விளக்கைத் தொடவே விடமாட்டார். மின் புறப்படும் இடத்திலிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துவந்து, விளக்கை ஈற்றிலேயே ஐயுறவேண்டும் என்பார். அவ்வண்ணமே தொடங்கினோம். பெட்டிமுகத்து விளக்குகளுக்கு மின் வருவது வண்டியின் பின்விளக்குச் சுற்றிலிருந்து, பின்விளக்குகள் எரிந்தன. ஆகவே உருகி நலம். பற்றரியின் மறைமுனையைக் கழற்றினோம். சுற்றியுள்ள பிளாத்திக்குச் சட்டத்தைத் திருப்புளியால் நெம்பினால் வடு விழும் என்பதால் மூங்கிற் சீவலொன்றைக் கூராக்கி அதனாற் பெயர்த்தோம். நான்கு திருகாணிகளைக் கழற்றியதும் பெட்டி கைக்கு வந்தது. முகத்தைப் பிரித்தோம். சுற்றுப்பலகையின் இரு பக்கத்தும் கோதுமை மணியளவில் இரண்டு குமிழ்கள், பச்சை இறப்பர்த் தொப்பி அணிந்து நின்றன. தொப்பியை நீக்க, உள்ளே கண்ணாடி கறுத்திருந்தது: தங்குதன் இழை ஆவியாகிப் படிந்த கறுப்பு. அப்பச்சையொளி குமிழினது அன்று, தொப்பியினது என்பதை அன்றே அறிந்தோம். குமிழோடு தொப்பியையும் எறிந்துவிடுவோர் பின்னர் மஞ்சள் ஒளியைக் கண்டு மயங்குவர்.

இரண்டும் சில மாத இடைவெளியில் ஏன் இறந்தன? அவை ஒரே நாளிற் பிறந்து, ஒரே நேரம் எரிந்து, ஒரே அழுத்தத்தைத் தாங்கியவை. இயந்திரம் ஓடும்போது பற்றரிச் சுற்றில் ஏறத்தாழ 14 உவோற்று நிற்கும். இழைவிளக்குக்கு உரிய அழுத்தத்தில் நூற்றுக்கு ஐந்து கூடினாலே அதன் ஆயுள் பாதியளவாகக் குறைந்துவிடும். ஒன்று போனால் மற்றதையும் மாற்றுதலே புத்தி.

எனினும் யாம் உடனே புத்தியைக் கேட்கவில்லை. இக்காலத்து ஒளிகாலும் இருவாயி, அதாவது எல்.ஈ.டி., நெடுங்காலம் எரியுமாமே என்று அதனையே முதலிற் பொருத்தினோம். நீல ஒளி தரும் இருவாயியைக் கண்டமைக்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுறா என்னும் மூவருக்கு 2014இல் நோபெற் பரிசு வழங்கப்பட்டது; அக்கண்டுபிடிப்பின் வழிவந்ததே வெள்ளொளி இருவாயி. ஓமின் விதியைத் தாளில் எழுதிக் கணக்கிட்டு, 680 ஓம் தடையியை உடன்சேர்த்தோம். எரியவில்லை. முனைகளை மாற்றிப் பொருத்தியிருந்தோம். இழைவிளக்குக்கு இல்லாத முன்பின் இதற்கு உண்டு. திருப்பி ஒட்டுகையில், நடுங்கிய கையின் சூட்டுக்கோல் சற்று அதிகம் தங்கவே, பலகையின் செப்புக் கீற்றொன்று உரிந்து எழுந்தது. அதற்கொரு மெல்லிய கம்பிப் பாலம் போடவேண்டியதாயிற்று. எம் ஆசிரியர் கண்டிருந்தால் முழங்கால் நிலத்திற் பட்டிருக்கும்.

ஈற்றில் எரிந்தது, மிகையாகவே எரிந்தது. அன்றிரவு வெள்ளொளி முன்கண்ணாடியிற் பட்டு, மூடுபனிமேல் மணிக்கூடு தொங்குவதுபோற் காட்டிற்று. வண்டியின் ஒளிகுறைக்கும் குமிழைத் திருகினால் அது இழைவிளக்கைப்போல் மெல்லத் தணியவுமில்லை. மறுநாளே அதனைக் கழற்றிவிட்டு, கண்டியிலொரு கடையில் 14 உவோற்று, 80 மில்லியம்பியர்க் குமிழ்கள் அரைத் தசனம் வாங்கிவந்தோம். கடைக்காரர் இன்னும் வலிய குமிழ் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றோம். ஓர் உவாற்றுக்குச் சற்று மேற்பட்ட சூட்டுக்கென அமைந்த பிளாத்திக்கு, மூன்று உவாற்றுக்கு உருகிவிடும். பழைய தொப்பிகளைக் கழுவி அணிவித்து, ஈயம் பற்றவைத்து, பற்றரியை மீளப் பூட்டினோம். மின் அறுபட்டமையால் மணிக்கூடு தன் நேரத்தை மறந்து ஒருமணியில் நின்றது. வானொலிச் செய்தி தொடங்கும் கணத்துக்காகக் காத்திருந்து நேரத்தைத் திருத்தினோம்.

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டமையால், அவ்வண்டியே இன்றும் எம்மிடம் உள்ளது. அன்று பிறந்த சிறுமி இப்போது பள்ளிக்குப் போகின்றாள்; மழைநாளில் வண்டியில் ஏறினால் முன்னிருக்கை தனக்கே என்பாள். வலப்பக்கக் குமிழ் சென்ற தை மாதம் மீண்டும் அணைந்தது. அன்று மாலையே இரண்டையும் மாற்றினோம். விளக்குப் பிடித்தவள் அவளே. தீப்பெட்டியில் இன்னும் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன.