ரயில் நின்ற பாதையில் சைக்கிள் ஓடுகிறது!

மிசௌரி ஆற்றங்கரையில் ஒரு பயணம்

பாறையைக் குடைந்த ஒரு சின்னச் சுரங்கம். நீளம் 243 அடிதான். உள்ளே நுழைந்தால் கோடை வெயிலிலும் சில்லென்று இருக்கும். சைக்கிளை நாலு மிதி மிதித்து வெளியே வந்தால், எதிரே ஓர் ஊர். வீட்டைச் சுற்றிப் பூச்செடிகள், தெருவோரம் ஒரு சாப்பாட்டுக் கடை, அதன் பக்கத்தில் வாடகைக்குச் சைக்கிள்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் ரோச்போர்ட்தான் அந்த ஊர். மொத்த மக்கள்தொகையே சுமார் 200 பேர்.

சுரங்கம் 1893-ம் ஆண்டு ரயிலுக்காக வெட்டப்பட்டது. மிசௌரி, கேன்சஸ், டெக்சாஸ் என மூன்று மாநிலங்களின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்ட ரயில் கம்பெனியின் தடம் இது. அந்தப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளை வைத்து, மக்கள் செல்லமாக ‘கேட்டி’ என்று கூப்பிட்டார்கள். இப்போது ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை. ஆனால், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் போகிறவர்களுக்கும் நடப்பவர்களுக்குமான ‘கேட்டி பாதை’யாக, சுமார் 386 கிலோமீட்டர் தூரத்துக்கு அது நீண்டு கிடக்கிறது. அதில் பெரும்பகுதி மிசௌரி ஆற்றின் கரையை ஒட்டியே போகிறது.

பார்க்க அழகான பாதை. ஆனால், இந்தப் பாதைக்குக் கீழே இருக்கும் மண் யாருக்குச் சொந்தம் என்று, கரையோர விவசாயிகள் பல வருடம் கோர்ட் படி ஏறிய கதையும் இதற்கு உண்டு.

குன்றுக்கும் ஆற்றுக்கும் நடுவில்

ரோச்போர்ட்டுக்கு மேற்கே பூன்வில் என்கிற ஊர் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் சுமார் 22 கிலோமீட்டர் மிதித்து ரோச்போர்ட் வந்துவிடலாம். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் மேடு பள்ளம் கிடையாது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக நொறுக்கிக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். தார் ரோடு போல வழுவழுப்பாக இருக்காது. ஆனால், டயர் நன்றாகப் பிடித்து ஓடும். கார், பைக் எதற்கும் அனுமதி இல்லை.

ரோச்போர்ட்டைத் தாண்டிக் கிழக்கே போகும்போதுதான் பாதை ஆற்றோடு ஒட்டுகிறது. இடது கை பக்கம் சுவர் போல நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். வலது கை பக்கம் கலங்கலாக ஓடும் மிசௌரி ஆறு. அமெரிக்காவிலேயே நீளமான ஆறு இதுதான். வண்டல் சுமந்து வருவதால் எப்போதும் காவி கலந்த நிறம். ‘பெரிய சேற்று ஆறு’ என்றே உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்.

1804-ம் ஆண்டு ஜூன் மாதம் லூயிஸ், கிளார்க் இருவரும் தங்கள் ஆட்களோடு படகில் இந்த வழியாகத்தான் மேற்கு நோக்கிப் போனார்கள். ரோச்போர்ட் அருகே ஆற்றில் சேரும் ஓடைப் பக்கம், பாறைகளில் பூர்வகுடி மக்கள் வரைந்திருந்த ஓவியங்களையும், அங்கே இருந்த விரியன் பாம்புகளையும் கிளார்க் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு ரயில் பாதை போட குன்றை உடைத்தபோது அந்த ஓவியங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. தப்பிய ஒன்றிரண்டை இன்றும் பாதையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

படுகை நிலமும் ஒற்றை ஓக் மரமும்

கொஞ்ச தூரத்தில் குன்று விலகி, ஆற்றுப் படுகை விரிகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயா மொச்சையும்தான். ஆறு காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். ஆனால், கொடுத்த ஆறே எடுத்துக்கொள்ளவும் செய்யும். அதனால், வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் உயரமான மண் கரைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 

1993-ம் ஆண்டு வந்த பெருவெள்ளத்தில் அந்தக் கரைகள் பல இடங்களில் உடைந்தன. வெள்ளம் வடிந்தபோது பல வயல்களில் வண்டலுக்குப் பதிலாக மணல் மேடு கிடந்தது. அதை அள்ளி அப்புறப்படுத்துவதற்கே பெரும் செலவு ஆனது. சைக்கிள் பாதையும் நீண்ட தூரத்துக்கு அரித்துக்கொண்டு போனது. இனி இந்த நிலத்தில் மல்லுக்கட்ட முடியாது என்று சில விவசாயிகள் விற்க முன்வந்தார்கள். அப்படி வந்த நிலங்களை மத்திய அரசு வாங்கி, மீன்களுக்கும் பறவைகளுக்குமான புகலிடமாக ஆற்றுக்கே திருப்பி விட்டது.

ரோச்போர்ட்டிலிருந்து 14 கிலோமீட்டர் தாண்டினால் மெக்பெய்ன். அந்த ஊருக்குப் பக்கத்தில், பாதையிலிருந்து சற்றே விலகி, வயலுக்கு நடுவில் ஒற்றை ஓக் மரம் நிற்கிறது. வயது 350-க்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். ஒரு விவசாயக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தைப் பாதுகாத்து வருகிறது. 2020 அக்டோபரில் இடி விழுந்து அடிமரம் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். ‘அவ்வளவுதான் மரம்’ என்று பலரும் நினைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் அது மறுபடியும் துளிர்த்தது.

இதே மெக்பெய்ன் பக்கம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. அருகே உள்ள கொலம்பியா நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு, நேரே ஆற்றில் விடுவதில்லை. கோரை வளர்ந்த செயற்கைக் குளங்கள் வழியாக மெதுவாக வடிய விட்டு, ‘ஈகிள் பிளஃப்ஸ்’ என்கிற பறவைப் பகுதிக்கு அனுப்புகிறார்கள். குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளுக்கு அந்தத் தண்ணீர்தான் ஆதாரம். 

‘ரயிலுக்குத்தானே கொடுத்தோம்!’

இனி, மண்ணுக்குக் கீழே இருக்கும் கதை.

19-ம் நூற்றாண்டில் ரயில் கம்பெனி தடம் போட வந்தபோது, கரையோர விவசாயிகளிடம் நிலம் பெற்றது. சிலர் கிரயமாகவே எழுதிக் கொடுத்தார்கள். பலர் கொடுத்தது வழிப்பாத்தியம் மட்டும். அதாவது, நிலம் விவசாயிக்கே சொந்தம். ரயில் ஓடுவதற்கு மட்டும் வழி. ரயில் நின்றுவிட்டால் அந்தப் பாத்தியம் முடிந்து, நிலம் முழுசாக விவசாயி கைக்குத் திரும்ப வேண்டும். 

1986-ம் ஆண்டு இந்தத் தடத்தில் ரயில் நின்றது. பல குடும்பங்கள், ‘தாத்தா காலத்தில் போன துண்டு நிலம் திரும்பி வருது’ என்று எதிர்பார்த்தன. வயலை இரண்டாக வெட்டிக்கொண்டு போன தடம் அது. திரும்பி வந்தால் ஒரே வயலாகச் சேர்த்து உழலாமே!

ஆனால், அதற்கு மூன்று வருடம் முன்பே, 1983-ல், மத்திய அரசு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்திருந்தது. ‘ரயில் நின்ற தடத்தைக் கைவிட்டதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. என்றைக்காவது மறுபடியும் ரயில் தேவைப்படலாம். அதுவரை நடைபாதையாக, சைக்கிள் பாதையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்பது அதன் சாரம். தடம் கைவிடப்படவில்லை என்றால், நிலமும் திரும்பாது.

இந்த நேரத்தில்தான் டெட் ஜோன்ஸ் வந்தார். பெரிய முதலீட்டு நிறுவனத்தை நடத்தியவர். மிசௌரியில் பண்ணை வைத்து அங்கேயே வாழ்ந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தில் 1967-லேயே இப்படி ஒரு ரயில் தடம் சைக்கிள் பாதையானதைப் பார்த்து, ‘நம் மாநிலத்துக்கும் இது வேண்டும்’ என்று ஆசைப்பட்டார். அவரும் மனைவி பேட் ஜோன்ஸும் சேர்ந்து 22 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார்கள். 1990-ல் ரோச்போர்ட்டில் பாதையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டெட் ஜோன்ஸ் காலமானார்.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. ‘நாங்கள் ரயிலுக்குத்தான் வழி கொடுத்தோம், சைக்கிளுக்கு இல்லை’ என்று வழக்குப் போட்டார்கள். முகம் தெரியாத ஆட்கள் வயலுக்குள் நுழைவார்கள், குப்பை போடுவார்கள், திருட்டு நடக்கும், வேலியை யார் பார்த்துக்கொள்வது என்ற பயமும் இருந்தது. பாதையைத் தடுக்கும் வழக்கில் அவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்த இதேபோன்ற ஒரு வழக்கில், 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, சட்டம் செல்லும். இரண்டு, நிலம் இழந்தவர்கள் மத்திய அரசிடம் இழப்பீடு கேட்கலாம்.

அந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு மிசௌரி விவசாயிகள் சிலர் தொடர்ந்து போராடினார்கள். 2000-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. வழிப்பாத்தியம் மட்டும் கொடுத்தவர்களின் நிலம், ரயில் நின்ற பிறகு அவர்களுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதைத் தடுத்து அரசு எடுத்துக்கொண்டதால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ரயில் நின்று 14 வருடம் கழித்து!

நிலம் திரும்பவில்லை. பாதையும் மூடப்படவில்லை. ஆனால், விவசாயியின் உரிமைக்கு ஒரு விலை உண்டு என்பது உறுதியானது. இதில் எல்லாவற்றையும் தீர்மானித்தது, நூறு வருடத்துக்கு முன் எழுதிய பத்திரத்தின் வாசகம்தான். ‘நிலத்தைக் கொடுத்தேன்’ என்று எழுதியிருந்தவர் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. ‘ரயில் போக வழி கொடுத்தேன்’ என்று எழுதியிருந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு. 

லாபம் ஓரிடம், நஷ்டம் ஓரிடம்

பாதையால் ஊர்கள் பிழைத்ததும் உண்மை. ரயில் நின்ற பிறகு கடைகள் மூடி, இளைஞர்கள் கிளம்பிப் போய், கரையோரச் சிற்றூர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. இன்று பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. பழைய கட்டடங்களில் சாப்பாட்டுக் கடைகள் வந்திருக்கின்றன. கிழக்கே அகஸ்டா பக்கம் போனால் திராட்சைத் தோட்டங்கள். அமெரிக்காவில் ஒயின் திராட்சைக்கென்று மத்திய அரசு முதன்முதலில், 1980-ல், அங்கீகரித்த வட்டாரம் அதுதான். சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே நின்று வாங்கிப் போகிறார்கள். 2012-ல் மாநிலப் பூங்காத் துறை வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு சுமார் 4 லட்சம் பேர் பாதைக்கு வருவதாகவும், அதனால் 1 கோடியே 85 லட்சம் டாலர் அளவுக்குப் பொருளாதாரப் பலன் கிடைப்பதாகவும் சொன்னது.

ஆனால், அந்தப் பணம் ஊருக்குள் கடை வைத்திருப்பவருக்கும் விடுதி நடத்துபவருக்கும் போகிறது. ஊருக்கு வெளியே மக்காச்சோளம் போட்டிருக்கும் விவசாயிக்கு, சைக்கிள் கடந்து போவதால் ஒரு மூட்டை கூடுதலாக விளையப் போவதில்லை. இழப்பு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்று ஆகும்போது, இழந்தவரின் கணக்கைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பதுதான் நியாயம். கேட்டி பாதையில் அது நடந்தது. தாமதமாக நடந்தது.

மெக்பெய்னிலிருந்து இன்னும் 25 கிலோமீட்டர் மிதித்தால் ஹார்ட்ஸ்பர்க். பூசணி சாகுபடிக்குப் பேர்போன படுகை ஊர். வழியில் வயலிலிருந்து வயலுக்கு டிராக்டர்கள் பாதையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் வருகின்றன. அந்த இடங்களில் சைக்கிள்காரர்தான் பார்த்து, நின்று போக வேண்டும். டிராக்டர் கடந்ததும் சக்கரத்திலிருந்து உதிர்ந்த கறுப்பு வண்டல் கட்டிகள் வெள்ளைப் பாதையில் கிடக்கும். ரயில் வந்தபோதும் அங்கே இருந்த மண் அது.

வீட்டில் பெட்டிக்கு அடியில் பழைய பத்திரம் இருந்தால், ஒருமுறை எடுத்து, அதில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்று படித்து வைத்துக்கொள்வது நல்லது.

பாதையில் போக...

* நுழைவுக் கட்டணம் கிடையாது. சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை போகலாம்.
* ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் அதிகம்.
* ரோச்போர்ட்டில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது. ஊர்களுக்கு இடையே கடைகள் குறைவு என்பதால் தண்ணீர் கையில் இருக்க வேண்டும்.
* பாதையின் இரு பக்கமும் இருப்பவை தனியார் வயல்கள். அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.
* ஆற்றில் வெள்ளம் வந்தால் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.