அம்மா நின்ற இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி

அண்ணன் இறந்து ஓராண்டு கழித்துத்தான் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். ரிங்லெட் குளிரில் எந்தக் காகிதமும் ஈரத்துக்குத் தப்பாது. ஒரு குறுவட்டு மட்டும் பூஞ்சை பிடிக்காமல் இருந்தது. மேலே அண்ணனின் கையெழுத்து: ‘தோட்டக் கதை, 2003’.

அந்தக் காலத்தில் அண்ணன் ஓர் இலவச இணையச் சேவையில் சொந்தப் பக்கம் வைத்திருந்தார். லயத்து வீடு, விடியற்காலைப் பெரட்டு, பனியில் நனைந்த கொழுந்துக் கூடை, ஆயாக் கொட்டகை என்று பதினொரு கட்டுரைகள். பிறகு அந்தச் சேவையே மூடப்பட்டது. “வட்டுல இருக்குடா” என்று அண்ணன் நிம்மதியாக இருந்தார்.

திறந்தால் தமிழே இல்லை. தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் திரை முழுக்க. வட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடப் போனேன். மகள் தடுத்தாள்.

“கெடலப்பா. பெரியப்பா பழைய எழுத்துருவுல தட்டியிருக்காரு.”

நோட்பேடில் கோப்பைத் திறந்து, ‘இணைமதி’ என்ற எழுத்துருப் பெயரைக் காட்டினாள். அப்போதுதான் நினைவு வந்தது. அண்ணன் முரசு அஞ்சலில்தான் தட்டுவார். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய மென்பொருள். இந்த இணைமதி, திஸ்கி முறையில் அமைந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து வகுத்த முறை அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியில் நூல்களை வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. யூனிகோடில் தமிழுக்குச் சொந்த வீடு உண்டு. திஸ்கியிலோ பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் இடத்தில் வாடகைக்குத்தான் குடியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வீட்டுச் சொந்தக்காரர்தான் எட்டிப் பார்ப்பார்.

எழுத்துமாற்றியில் ஒட்டினோம். ஒரே நொடியில் தமிழ் வந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் ‘இ’ இல்லை. ‘இலை’ வெறும் ‘லை’ ஆகியிருந்தது. திஸ்கியில் ‘இ’ இருக்கும் எண், கணினிக்குக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடாம். இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அண்ணன் உயிரோடு இருந்தபோது அவர் எழுத்தை நான் இவ்வளவு கவனமாகப் படித்ததே இல்லை.

படங்கள்தான் வரவில்லை. இணையப் பக்கத்தை முழுமையாகச் சேமித்தால் ஒரு கோப்பும், அதே பெயரில் படங்கள் அடங்கிய கோப்புறை ஒன்றும் உருவாகும். இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும். அன்று வட்டில் பதிந்து கொடுத்தவன் நான். கோப்புறையைத் தேவையில்லாத குப்பை என்று விட்டுவிட்டேன். பிறகு அந்தக் கணினியைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டவனும் நான்தான். அண்ணன் வட்டைத் திறந்தே பார்க்கவில்லை போலும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முதுகில் கூடையோடு அம்மா சிரிக்கும் படம் அதில் இருந்தது. வேலைக்காட்டில் எடுத்த ஒரே படம். அச்சுப் படத்தை ஈரம் தின்று வெகு நாளாகிறது. இப்போது அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. அதன் கீழே அண்ணன் எழுதிய வரி மட்டும் சரியாக மாறி வந்திருக்கிறது: ‘அம்மா, காலை ஏழு மணி, மழைக்கு முன்’.

ரிங்லெட்டிலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போன தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். யாராவது சேமித்திருக்கலாம். பழைய வட்டு இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோப்புறையையும் திறந்து பாருங்கள்.