மணையின் நடுவே வெறுந்தாள்

நீர்வண்ண மரபில் வெண்மையைத் தீட்டுவதில்லை. தாளைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். ஒளி எங்கே விழ வேண்டும் என்பதை முதல் பூச்சுக்கு முன்பே ஓவியர் முடிவுசெய்தாக வேண்டும். மாஹிமில் என் அறைச் சுவரில் இருக்கும் சிறிய ஓவியத்தை அந்த விதியைக் கொண்டே நான் படிக்கிறேன். அடுத்த வீட்டு மராத்தியத் தோழி வரைந்தது. தரையில் ஒரு பலாமர மணை, ஆளில்லை, இலையில்லை.

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தபோது என் ஆச்சி கொண்டுவந்த மணை அது. தோழியின் வீட்டில் அதே பொருளுக்குப் 'பாட்' என்று பெயர். புதிய பலாமரம் மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் ஏற ஏறச் செம்பழுப்பாகும். தோழியும் மஞ்சளை மெலிதாகப் பூசி, காயவிட்டு, அதன்மேல் காவியை அடுக்கடுக்காக ஏற்றியிருக்கிறாள். மழைக்கால மாஹிமில் ஒரு பூச்சு உலரவே நெடுநேரம் ஆகும். நடுவில் மட்டும் வண்ணம் மெலிந்து தாள் தெரிகிறது. பலர் அமர்ந்து தேய்ந்த இடம் அது.

எளிய வீட்டுப் பொருள்களை இவ்வாறு வரைவதற்குப் பெரியதொரு முன்னுதாரணம் உண்டு. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்கு அமெரிக்க அரசு ஊதியம் தந்து, 1935 முதல் 1942 வரை, பழைய நாற்காலிகளையும் பெட்டிகளையும் பொம்மைகளையும் நீர்வண்ணத்தில் பதிவுசெய்யச் செய்தது. ஏறத்தாழ 18,000 ஓவியங்கள் இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. பொருளின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் அவை நம்பகமான ஆவணங்கள்.

எங்கள் மணை ஓவியத்தை நான் வேறொன்றுக்கும் ஆவணமாகக் கொள்கிறேன். தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே இலவச வீடு பெற, தரைத்தள வீடு 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். மின்கட்டணச் சீட்டும் வாக்காளர் பட்டியலும் சான்றாகலாம். தேய்ந்த மரம் ஆகாது. ஆயினும் ஒரு குடும்பம் ஓரிடத்தில் எத்தனை காலம் உண்டு வாழ்ந்தது என்பதை அந்தத் தேய்மானம் சொல்வதுபோல் எந்தச் சீட்டும் சொல்லாது. தோழி அதைக் கண்டுகொண்டு, அவ்விடத்தில் தூரிகையை நிறுத்திக்கொண்டாள்.

மூட்டுவலியால் ஆச்சி இப்போது மணையில் அமர்வதில்லை. ஓவியத்தைக் காட்டியபோது, வெளுத்த இடத்தருகே விரலைக் கொண்டுபோய், "இது ஒங்க தாத்தா உக்காந்த எடம்லா" என்றார்.