பீச்சும் பீப்பாயும்

பர்பன் விஸ்கி ஊற்றிய கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூக்கருகே கொண்டுபோனால் தேங்காய் மணக்கும். உடைத்த உடனே துருவிய பச்சைத் தேங்காய் அல்ல. வாணலியில் லேசாக நிறம் மாறும்வரை வறுத்த துருவல். அதற்குப் பின்னால் வெனிலா, அதற்கும் பின்னால் கனிந்த பழ வாசம் ஒன்று. பர்பன் ஊறும் கென்டக்கியில் தென்னை கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி பர்பனில் தண்ணீரைத் தவிர வேறெதையும் சேர்க்க முடியாது. நிறத்துக்காக ஒரு துளி கேரமல்கூடக் கூடாது. தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளமாக இருக்க வேண்டும். மீதி ரை அல்லது கோதுமை, அதோடு கொஞ்சம் முளைகட்டிய பார்லி. தேங்காயும் பழமும் இதில் எங்கே ஒளிந்திருக்கின்றன? அட்லாண்டாவில் பீச் பழம் வரும் ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது. ஏனென்றால் பர்பனையும் பீச்சையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் எங்கள் வீட்டில் கோடைக்கால மாலையின் முக்கிய வேலை.

பதில் மரத்தில் இருக்கிறது. பர்பனைப் புது ஓக் பீப்பாயில்தான் ஊறப்போட வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது. பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறிவிடும். பீப்பாயைக் கட்டும்போது அதன் உட்புறத்தைத் தீயில் கருக்குகிறார்கள். நன்றாகக் கருக்கவே ஒரு நிமிடம்தான். அதற்குள் உள்சுவர் பாளம் பாளமாக வெடித்துவிடுகிறது. முதலைத்தோல் என்றே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைச் சொல்கிறார்கள். கரிக்கு அடியில், மரத்தின் சர்க்கரை சூட்டில் பாகாகிச் சிவந்த அடுக்கு ஒன்று இருக்கும். மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் உடைந்து வெனிலின் ஆகிறது. தேங்காய் வாசத்துக்குக் காரணம் லாக்டோன் என்ற வகைப் பொருள். அமெரிக்க வெள்ளை ஓக்கில் அது தாராளம். கென்டக்கி வெயிலில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகுகிறது, குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வருகிறது. வரும்போதெல்லாம் இவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது.

பீச்சின் வாசமும் லாக்டோன்தான் என்று படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! காமா டெக்காலாக்டோன் என்று அதற்குப் பெயர். ஓக்கில் இருப்பதற்குப் பங்காளி முறை. ஜார்ஜியாவில் மரத்தில் பழுத்த பழத்துக்கும், கென்டக்கியில் ஆண்டுக்கணக்கில் கருகிய மரத்துக்குள் கிடந்த சரக்குக்கும் வேதியியலில் ஒரே குடும்பம். பர்பனோடு பீச்சைச் சேர்க்கும்போது நாம் புதிதாக எதையும் ஒட்டவைப்பதில்லை. உள்ளே முணுமுணுப்பாக இருந்ததை வாய்விட்டுப் பேசவைக்கிறோம், அவ்வளவுதான்.

அதனால்தான் புட்டியில் விற்கும் பீச் சிரப்பையும், பீச் வாசனை ஏற்றிய விஸ்கியையும் என்னால் ஏற்க முடிவதில்லை. அவற்றில் இனிப்பு இருக்கிறது, அந்த உறவு இல்லை. உண்மையான பழத்தில் லாக்டோன் கடைசி நாட்களில்தான் திரள்கிறது. காயாகப் பறித்து, குளிர்பதனத்தில் வைத்து, ஆயிரம் மைல் லாரியில் வந்த பழம் சிவந்திருக்கும், மெத்தென்றும் இருக்கும், மணக்காது. கடித்தால் ஈர மாவு. நான் வாங்கும் சந்தையில் ஒரு பாட்டி பழக்கூடையோடு உட்கார்ந்திருப்பார். நிறத்தைப் பார்த்துக் கையை நீட்டுகிறவர்களை விடவே மாட்டார். “சிவப்பு வெயிலோட வேலை கண்ணு. காம்புப் பக்கம் திருப்பி அடித்தோலைப் பாரு, பச்சை போயி மஞ்சளாயிருக்கணும். அப்புறம் மூக்கை வெச்சுப் பாரு” என்பார். அவர் பேசுவது ஜார்ஜியா ஆங்கிலம்; என் காதில் விழுவது இப்படித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த பழத்தை ஃபிரிட்ஜில் திணிக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு துணிமேல் பரப்பிவைக்க வேண்டும். சமையலறைக்குள் நுழையும்போதே மணம் எதிரே வந்து நின்றால், அன்றைக்குக் கலக்கலாம்.

அமெரிக்கத் தெற்கில் பீச்சுக்கும் மதுவுக்கும் உள்ள பழக்கம் பர்பனைவிடப் பழையது. சீனத்தில் பிறந்த இந்தப் பழத்தை ஸ்பெயின்காரர்கள் 16ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தார்கள். அவர்கள் கால்படாத இடங்களுக்கும் கொட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. மண்ணின் மக்கள் கைமாற்றிக் கைமாற்றி வடக்கே நியூயார்க்வரை தோப்பு வைத்தார்கள். 1779இல் அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை இரோகுவாய் நாட்டுக்குள் புகுந்து ஊர்களை எரித்தபோது, கயூகா மக்களின் ஊர் ஒன்றில் ஏறக்குறைய 1500 பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. காய்த்துக்கொண்டிருந்த மரங்கள். படையின் வெற்றிக் கணக்கில் அதையும் எழுதிவைத்தார்கள். பீச்சை நறுக்கும் சில மாலைகளில் எனக்கு அந்தத் தோப்பு நினைவுக்கு வரும். கத்தி கொஞ்சம் மெதுவாகப் போகும்.

குடியேறியவர்கள் பீச்சைப் புளிக்கவைத்துக் காய்ச்சி பிராந்தி இறக்கினார்கள். ஜெர்ரி தாமஸ் 1862இல் வெளியிட்ட புத்தகம்தான் அமெரிக்காவில் மதுக்கலவைகளுக்கென்று வந்த முதல் கையேடு. அதில் ஜார்ஜியா ஜூலெப் என்று ஒன்று உண்டு: கோன்யாக் பாதி, பீச் பிராந்தி பாதி, புதினா, சர்க்கரை, ஐஸ். விஸ்கியே கிடையாது. பிற்பாடு ஃபிலாக்ஸெரா பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்து கோன்யாக் அருகிப்போனது. பீச் பிராந்தியும் வழக்கொழிந்தது. ஜூலெப் முழுவதும் பர்பன் கைக்கு வந்தது. ஆகவே பர்பனுக்குள் பீச்சை நசுக்கிப் போடுகிறவர்கள் புதுமை செய்யவில்லை. பிரிந்த ஜோடியைச் சேர்த்துவைக்கிறார்கள்.

ஜூலெப் என்றால் என் மனம் தாமஸிடம் நிற்பதில்லை, டாம் புல்லக்கிடம் போய்விடும். 1872இல் கென்டக்கியின் லூயிவில்லில் பிறந்த கறுப்பர். அந்த ஊர் பெண்டெனிஸ் கிளப்பிலும் பிறகு செயின்ட் லூயிஸ் கன்ட்ரி கிளப்பிலும் பானம் கலந்தார். அவரைப்போன்றவர்கள் உறுப்பினராக முடியாத இடங்கள் அவை. 1913இல் அவர் பெயர் நாடு முழுக்க அடிபட்டது, அதுவும் ஒரு வழக்கில். முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டைக் குடிகாரர் என்று மிச்சிகனில் ஒரு பத்திரிகை எழுதியது. அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் தான் குடித்தவற்றைக் கணக்குச் சொல்லும்போது, செயின்ட் லூயிஸ் கிளப்பில் கொடுத்த ஜூலெப்பில் கொஞ்சம்தான் அருந்தினேன் என்றார். செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் அதை விடவில்லை. டாம் கலந்த ஜூலெப்பை மிச்சம் வைத்தவர் உலகத்தில் யாராவது உண்டா, ரூஸ்வெல்ட் சொல்வதை எப்படி நம்புவது என்று தலையங்கமே எழுதியது. ரூஸ்வெல்ட் வழக்கில் ஜெயித்தார். கிடைத்த ஈடு ஆறு சென்ட். ஒரு பார்டெண்டருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் யாரும் கொடுத்து நான் படித்ததில்லை.

1917இல் புல்லக் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார், ‘தி ஐடியல் பார்டெண்டர்’. கறுப்பர் ஒருவர் எழுதி வெளிவந்த முதல் கலவைப் புத்தகமாக அதைச் சொல்கிறார்கள். முன்னுரை எழுதியவர் அந்தக் கிளப் வட்டாரத்துச் செல்வந்தரான ஜி.எச். வாக்கர், பின்னாளில் இரண்டு புஷ்கள் ஜனாதிபதியானார்களே, அவர்களுடைய மூதாதை. வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குள் மதுவிலக்கு வந்துவிட்டது. புத்தகத்துக்கு வேலையே இல்லாமல் போனது. 1964இல் அவர் இறந்தபோது அவரை நினைத்துப் பார்க்க அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

அதில் நான் அடிக்கடி பிரித்துப் பார்ப்பது கென்டக்கி பாணி ஜூலெப் குறிப்பு. சில வரிகள்தான். வெள்ளிக் குவளை, ஒரு சர்க்கரைக் கட்டி, அதைக் கரைக்கும் அளவுக்குத் தண்ணீர், குவளை நிறையப் பொடித்த ஐஸ், பழைய பர்பன், கடைசியில் ஒரு கொத்துப் புதினா. இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறவர், புதினா கசங்கிவிடக் கூடாது என்று சொல்ல மட்டும் தனியாக ஒரு வரி ஒதுக்குகிறார். கை தெரிந்தவர் எழுத்து இது. புதினாவை இடித்தால் இலைக் கசப்பு இறங்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே ஒருமுறை தட்டினால் வாசம் மட்டும் வரும். தன்னை வெளியே நிறுத்திய வட்டத்துக்குள் கற்ற வித்தையை, எவரும் தானே செய்து குடித்துக்கொள்ளட்டும் என்று அச்சில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன மனிதர். வீட்டில் கலக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

புதினாவிடம் காட்டும் பரிவு பீச்சுக்குத் தேவையில்லை; அதை நன்றாக நசுக்க வேண்டும். பாதிப் பழம், தோலோடு. தோலையும் அதை ஒட்டிய சதையையும் எறிந்துவிட்டால் மணத்தில் பெரும்பங்கு குப்பைக்குப் போய்விடும். நறுக்கியதும் 20 மில்லி எலுமிச்சைச் சாற்றை மேலே விட்டுவிடுவேன். இல்லாவிட்டால் கண்ணெதிரே பழுப்பாகிவிடும். இனிப்புக்கு, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகு 15 மில்லி போதும். பழம் தேனாக இருந்தால் 10. மத்தால் நசுக்கி, 60 மில்லி பர்பனை ஊற்றிக் கால்மணி நேரம் சும்மா விட வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். லாக்டோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும்; அதற்கான நேரம் இது. பிறகு ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, எஃகின் வெளிப்புறம் வெள்ளையாகப் பனி பூக்கும்வரை குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்தால் அந்திச் சிவப்பில் ஒரு பானம் இறங்கும். மேலே தட்டிய புதினா.

ஐஸ் உருகி நீர்க்கும் என்பதால் 50 சதவீத ஆல்கஹால் உள்ள ‘பாட்டில்ட்-இன்-பாண்ட்’ வகையைத்தான் எடுப்பேன். அது 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் குழந்தை: ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசுக் கண்காணிப்பில் குறைந்தது நான்கு ஆண்டு. அந்தக் காலத்தில் வெறும் சாராயத்தில் உலர்ந்த பிளம் சாற்றைக் கலந்து, நிறமேற்றி, பழைய பர்பன் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிராக வந்த சட்டம். பழத்தை ஒளித்துக் கலந்தால் ஏமாற்று, குடிப்பவர் கண்முன்னே கலந்தால் விருந்து.

இந்தக் கலவையின் அடிப்படை ‘சவர்’: மது, புளிப்பு, இனிப்பு. அதற்கும் மூத்தது பன்ச். பன்ச்சைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1632இல் எழுதிய ஒரு கடிதம்; சோழமண்டலக் கரையில் பெட்டப்போலியில், இன்றைய நிஜாம்பட்டினத்தில், இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி வணிகருக்கு எழுதியது. நம் கடற்கரையில் எலுமிச்சையும் சர்க்கரையும் சாராயமும் சேர்ந்த பாத்திரத்திலிருந்து என் அட்லாண்டா சமையலறைவரை ஒரு நேர்வழி ஓடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எலுமிச்சையைப் பிழியும் கைக்குத் தெம்பு கூடுகிறது.

ஆகஸ்ட் கடந்தால் பீச் முடிந்துவிடும். செப்டம்பரில் பேரிக்காய் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்து, விரல் நுனி அளவு இஞ்சியைத் தட்டிப் போட வேண்டும். புதினா வேண்டாம், பேரிக்காயின் மென்மையான வாசத்தை அது மூடிவிடும்.