பல்லுக்குள் இறங்கும் குளிர்

கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்ட பிறகு குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியவில்லை. வாயில் ஊற்றிய மறுகணமே இடப்பக்க மேல்தாடையில் சுரீரென்று ஒன்று கிளம்பிக் கண்ணோரம் வரை ஏறி, வந்த வேகத்திலேயே மறைந்துவிடுகிறது. என்னை யோசிக்க வைத்தது வலி அல்ல. தற்காலிகக் கேப் இருந்தவரை இந்தக் கூச்சம் இல்லை. அது வெறும் பிளாஸ்டிக். ஓரம்கூடச் சரியாகப் பொருந்தவில்லை. அதைக் கழற்றிவிட்டு, லேபிலிருந்து வந்த மெட்டல் செராமிக் கேப்பை நிரந்தர சிமெண்ட் வைத்து ஒட்டிய பிறகுதான் ஆரம்பித்தது. மூடி நல்லதாக மாறியதும் உள்ளே இருப்பது ஏன் கூச வேண்டும்?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பல்லுக்கு உயிர் இருக்குங்க, அதான். ரூட் கேனால் பண்ணியிருந்தா ஜில்லுன்னு எது பட்டாலும் தெரிஞ்சிருக்காது" என்றார். என் பல்லில் இருந்தது ஒரு பழைய வெள்ளி அடைப்பும் அதன் ஓரத்தில் ஒரு விரிசலும்தான். நரம்பு நன்றாக இருந்ததால் அதைத் தொடாமல் கேப் மட்டும் போட்டிருந்தார். அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்து, பல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

பல்லின் மேலே இருக்கும் எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. உடம்பிலேயே கடினமான பொருள் அது. அதற்குள் செல்லும் இல்லை, நரம்பும் இல்லை. கேப் உட்கார இடம் வேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை அரைத்து எடுக்கும்போது எனாமலில் பெரும்பகுதி போய்விடுகிறது. அடியில் இருக்கும் டென்டின் வெளியே வருகிறது. பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதன் உடம்பெல்லாம் நுண்துளைகள். பல்லின் நடுவே இருக்கும் உயிர்ச்சதைக்கு அருகில், ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் மட்டும் 40,000 துளைகளுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் திரவம் நிறைந்திருக்கிறது. குளிர் பட்டதும் அந்தத் திரவம் வெளிப்பக்கமாக நகர்கிறது. உட்புற முனையில் இருக்கும் நரம்பு அந்த அசைவை வலியாக அறிகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் சோதனை மேல் சோதனை செய்து நிலைநாட்டிய விளக்கம் இது.

படித்ததும் எனக்கு மண்பானைதான் நினைவுக்கு வந்தது. பானையும் பார்க்கக் கெட்டி, உள்ளே முழுக்கத் துளை. அதிலும் நீர் வெளிப்பக்கமாகத்தான் கசிகிறது. கசிந்த நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பானையில் குளிர்ச்சியைத் தரும் அதே வெளிநோக்கிய நகர்வு, பல்லில் குளிர்ச்சியைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் பானைத் தண்ணீரால் யாருக்கும் பல் கூசியதாக நான் கேட்டதில்லை. அது வெளிவெயிலைவிடச் சில டிகிரிதான் குறைவு. ஃபிரிட்ஜ் தண்ணீர் 4 டிகிரி. அப்படியானால் நம் ஊர்ப் பற்கள் இந்தக் குளிரை எப்போது முதன்முதலாகச் சந்தித்தன? அந்தக் காலத்தில் நம் சமவெளியில் பிறந்து வளர்ந்த ஒருவர், எப்போதாவது பெய்யும் ஆலங்கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டது தவிர, வாழ்நாளில் பனிக்கட்டியை நாக்கில் வைத்திருக்க வழியே இல்லை.

வடக்கே அரண்மனைக்கு ஜில்லென்ற தண்ணீர் முன்பே கிடைத்திருக்கிறது. அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி'யில் அக்பருக்குத் தண்ணீர் குளிரவைத்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வெடியுப்பைக் கொட்டிக் கரைக்க வேண்டும். குடிதண்ணீர் உள்ள உலோகக் குப்பியின் வாயை இறுக மூடி, அந்தக் கரைசலுக்குள் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். வெடியுப்பு கரையும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். குப்பித் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும். வெடிமருந்தில் நெருப்பைக் கக்கும் பொருளைத் தண்ணீரைக் குளிர்விக்கப் பயன்படுத்தியதை அபுல் ஃபசல் வியந்து எழுதுகிறார். அதைப் படித்த அன்று இரவு, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கூச்சத்துக்கான பற்பசைக் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டாசியம் நைட்ரேட், 5 சதவீதம் என்று அச்சடித்திருந்தது. அதே வெடியுப்பு! அதிலுள்ள பொட்டாசியம் துளைகள் வழியே இறங்கி நரம்பை அடக்கிவைக்கிறது. அன்று பாதுஷாவின் தண்ணீரைக் குளிரவைத்தது, இன்று என் பல்லைக் குளிரிலிருந்து காக்கிறது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் பக்கம் பனிக்கட்டி வந்தது கப்பலில். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏரிப் பனிக்கட்டி அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போகச் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. சென்னையில் அதைச் சேமித்து வைக்கக் கட்டியதுதான் 1842ஆம் வருடத்து ஐஸ் ஹவுஸ். இன்று மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அதே கட்டடம். அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'வால்டன்' நூலில் இந்த வியாபாரத்தைப் பற்றி ஓர் இடம் உண்டு. அவர் கரையில் குடிசை போட்டிருந்த குளத்திலேயே 1846–47 குளிர்காலத்தில் ஆட்கள் வந்து பனிக்கட்டி வெட்டினார்கள். வெயிலில் வாடும் மதராஸ்வாசிகளும் பம்பாய், கல்கத்தாவாசிகளும் 'என் கிணற்றில்' தண்ணீர் குடிப்பதாக அவர் எண்ணிப் பார்க்கிறார். அங்கிருந்து பகவத் கீதைக்குப் போய், கடைசியில் வால்டன் குளத்து நீரும் கங்கை நீரும் கலப்பதாக முடிக்கிறார். எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பக்கம் எனக்கு. நம் ஊர்த் தாகத்தை அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் நினைத்திருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் குவித்த பனிக்கட்டியில் பெரும்பகுதி விற்காமல் அங்கேயே கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுக்கக் கரைந்து குளத்துக்கே திரும்பியது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கப்பலில் வந்த ஐஸ் துரைமார்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான். எங்கள் வீட்டுக்கு அது வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. நான் சிறுவனாக இருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் தெருவில் மத்தியானம் ஐஸ் வண்டி வரும். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி. அதன் மூடியைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டே ஐஸ்காரர் வருவார். பால் ஐஸ், சேமியா ஐஸ், ரோஸ் நிறத்தில் ஒன்று. என் ஆச்சிக்கு அப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். வெற்றிலை போட்டுப் போட்டு ஈறு இறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியும். அங்கே எனாமல் கிடையாது என்பதும், அதனால்தான் வயதானவர்களுக்குப் பல் கூசுகிறது என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஐஸ் என்றால் ஆச்சிக்கு உயிர். அது இந்த ஊரில் இல்லாத காலத்தையும் பார்த்தவள் என்பதால் அதன் மீதிருந்த அதிசயம் அவளுக்குத் தீரவே இல்லை. ஆனால் கடிக்க முடியாது. என்னிடம் காசு கொடுத்து ஒரு சேமியா ஐஸ் வாங்கி வரச் சொல்வாள். அதைக் குச்சியோடு பித்தளை டம்ளரில் நிறுத்திவைத்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்வாள். ஆசையாகப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "ஆச்சி, சீக்கிரம் சாப்பிடுங்க" என்று அவசரப்படுத்துவேன். "பொறுலே, அதுவா கரையட்டும்" என்பாள். டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கும். விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். முழுக்கக் கரைந்த பிறகு டம்ளரை அண்ணாந்து தூக்கி, பல்லில் படாமல் நேரே தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வாள். அடியில் தங்கிய சேமியாவும் குச்சியும் எனக்கு. பல் கூச்சம் அதிகமான நாட்களில் ஒரு கிராம்பைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டுதான் தூங்குவாள். அவள் பக்கத்தில் படுத்தால் அந்த வாசனை வரும்.

அதே வாசனையைத்தான் பல் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதெல்லாம் நுகர்கிறோம். என் தற்காலிகக் கேப்பை ஒட்டிய சிமெண்ட், துத்தநாக ஆக்சைடையும் கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினாலையும் குழைத்தது என்று டாக்டரம்மா சொன்னார். பிளாஸ்டிக் கேப் குளிரைச் சட்டென்று கடத்தாது. யூஜினாலோ நரம்பைச் சாந்தப்படுத்திவைக்கும். இந்த இரண்டு காவலும் நிரந்தரக் கேப் போட்ட அன்று போய்விட்டன. புது சிமெண்டில் இறுகும்வரை கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும். உலோகம் குளிரை அப்படியே உள்ளே கொண்டுபோகும். என் கேள்விக்கு இதுதான் விடை.

கிராம்பு எப்படி வேலை செய்கிறது என்பது 2021இல் இன்னும் தெளிவானது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து காத்தரினா சிம்மர்மானும் உடன் உழைத்தவர்களும் டி.ஆர்.பி.சி.5 என்ற புரதம் பல்லுக்குள் குளிரை உணர்வதை எலிகளில் கண்டறிந்தார்கள். மனிதப் பல்லிலும் அது இருப்பதைக் காட்டினார்கள். அந்தப் புரதத்தை யூஜினால் தடுக்கிறது. திரவத்தின் நகர்வு ஒரு வழி, இந்தப் புரதம் இன்னொரு வழி என்று பல் குளிரை இரண்டு விதமாகவும் அறிகிறது. புரதம் இருக்கும் இடம் ஓடோன்டோபிளாஸ்ட் என்னும் செல்கள்; டென்டினைக் கட்டியவையும் இவைதான். இந்தச் செல்களைப் பற்றிய ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. தோலும் ரத்தமும் ஓயாமல் புதுப்பித்துக்கொள்கின்றன. ஆனால் இந்தப் பல் செல்கள் பிரிந்து பெருகுவதில்லை. பல் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் முதலில் வந்தவையே இருக்கும். என்னுடையது ஆறு ஏழு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல். ஆச்சி கொடுத்த டம்ளரின் அடியில் இருந்த சேமியாவை மென்ற அதே பல். அன்று அந்தக் குளிரை அறிந்த செல்களில் மிஞ்சியவைதான் இன்று ஃபிரிட்ஜ் தண்ணீரையும் அறிகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பின், கூச்சம் தாங்காமல் ரூட் கேனால் செய்துகொள்ளலாம் என்று இருந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பல்லுக்குள் மெதுவாகப் புதிய டென்டின் படிந்து வருகிறது. கூச்சமும் குறைந்துகொண்டே வருகிறது.

உங்களுக்கும் கேப் போட்ட பல் கூசினால், சில வாரம் பொறுத்துப் பாருங்கள். குளிர் விலகியதும் வலியும் விலகுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். விலகினால் பயப்பட ஒன்றுமில்லை. கடிக்கும்போது வலித்தால் கேப் ஒரு மயிரிழை உயரமாக இருக்கலாம். நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, உயரமான இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். அது சில நிமிட வேலை. கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் ஊற்றாதீர்கள், புண்ணாகிவிடும். சூடு பட்டு வலித்தால், குளிர் போன பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், அல்லது வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.