கசந்த சுரைக்காய்

மாடித் தோட்டத்துப் படங்களை இப்போதெல்லாம் ஏன் பதிவிடுவதில்லை என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கிடையே செடி வளர்ப்போர் யாருக்கேனும் பயன்படலாம்.

தில்லியில் நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. அதற்கு மேல் மொட்டைமாடி. மனைவி பள்ளி ஆசிரியை. காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். உதவித்தொகை மாதக்கணக்கில் தள்ளிப்போகும் ஆய்வாளனாகிய நான் வீட்டில் இருப்பவன். எனவே சமையல் என்னுடையது. அவள் சம்பளத்தில் நடக்கும் குடும்பத்தில், காசு கொடுத்து வாங்காத காய் ஒன்றை அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் வைத்து அனுப்புவதில் எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

பழைய பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்துச் சுரை போட்டிருந்தேன். விதை, முந்தைய ஆண்டு முற்றவிட்ட காயிலிருந்து எடுத்தது. சுரைப்பூ மாலையில்தான் மலரும். ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவிவிட்டுக் கீழே இறங்கும்போது முனைவர் பட்டமே கிடைத்துவிட்டது போலிருக்கும். ஜூனில் இருவரும் ஊருக்கு வந்தோம். பக்கத்து வீட்டார் தண்ணீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டார். குழாயில் வந்தால்தானே அவரும் ஊற்றுவார்? திரும்பிச் சென்றபோது கொடி பாதி கருகியிருந்தது. ஜூலை மழையில் அது தளிர்த்து ஒரே ஒரு காய் தேறியது.

அந்தக் காயைப் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தேன். சுவைத்துப் பார்க்கவில்லை. அடுப்பில் இருப்பதை வாயில் வைக்கலாகாது என்பது என் அம்மாவின் வழக்கம். மணத்தைக் கொண்டே உப்பைச் சொல்லிவிடுவார். அவருடைய மூக்கு எனக்கு வாய்க்கவில்லை, வழக்கம் மட்டும் வாய்த்தது.

பதினொரு மணிக்கு அவளுடைய சக ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல். கிளம்பும் அவசரத்திலும் ஏதோ தோன்றிச் சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். அந்தக் கசப்பு மாலைவரை போகவில்லை. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் வெகுவாக இறங்கியிருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "லௌகி சாப்பிட்டாரா? கசந்ததா?" என்பதுதான். இதற்கென்று மாற்றுமருந்து கிடையாது. நீரேற்றி உடலைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை என்றார். இரண்டு இரவுகள் அங்கே இருந்தோம்.

பிறகுதான் படித்தேன். சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்னும் நச்சுச் சேர்மங்கள் உண்டு. நாம் பயிரிடும் வகைகளில் அவை மிகக் குறைவு. வறட்சியும் கடும் வெயிலும் அவற்றைக் கூட்டக்கூடும். சேமித்த விதை காட்டுவகையோடு கலந்திருந்தாலும் கசப்புக் காய் வரலாம். வேகவைத்தால் போகாது. கசந்த சுரைச்சாற்றைக் குடித்து இறந்தவர்கள் இந்தியாவில் உண்டு. இது பற்றிய வல்லுநர் குழுவின் அறிக்கை 2012இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளிவந்துள்ளது. செய்ய வேண்டியது எளிது: நறுக்கும்போதே ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். பாகல் கசப்பது அதன் இயல்பு. சுரை கசந்தால் அது எச்சரிக்கை.

இவ்வளவும் தாவரவியல். என்னை உறங்கவிடாதது வேறொன்று. முதல் வாயிலேயே கசப்பு தெரிந்திருக்குமே, ஏன் தின்றாய் என்று கேட்டேன். "ரெண்டு மாசமா அந்தக் கொடிகிட்டயே கிடந்தீங்க. எப்படிக் கொட்டுறது?" என்றாள்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை மாணவர்களுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். கூடலூர் கிழார் பாடியது. தயிரைக் கையால் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் படச் சமைக்கிறாள் தலைவி; இனிமையாக இருக்கிறதென்று அவன் சொல்லி உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அந்த மலர்ச்சியைப் பற்றியே வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவேன். அந்த மலர்ச்சி அவன் வாய்ச்சொல்லை நம்பி நிற்பது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் சமைப்பவன் நான். மலர்வதற்குக் காத்திருக்கும் முகம் ஒன்றை ஒவ்வொரு மாலையும் டப்பாவைத் திறக்கும்போது அவள் எதிரே நிறுத்தியிருக்கிறேன். "எப்படி இருந்தது?" என்று நான் கேட்ட கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது போலும்.

கொடியைப் பிடுங்கிவிட்டேன், விதைகளையும் எறிந்தாயிற்று. அக்டோபரில் கீரை மட்டும் தூவினேன். எப்படி இருந்தது என்று இப்போது கேட்பதில்லை. டப்பாவில் மிச்சம் இருந்தால் பேசாமல் கழுவி வைக்கிறேன். முதல் சில வாரங்கள் அவள் வேண்டுமென்றே முழுவதையும் தின்றுவிட்டு வந்தாள் என்று நினைக்கிறேன். நேற்று இரவு ஒரு வாய் ரசத்தோடு கரண்டியைக் கீழே வைத்து, "புளி ஜாஸ்தி, என்னால முடியாது" என்றாள். தயிரை எடுத்துக் கொடுத்தேன்.